சர்க்கரை

சர்க்கரை என்பது கரும்பிலிருந்தும், குளிர்நாடுகளில் விளையும் சர்க்கரைக் கிழங்கிலிருந்தும் எடுக்கப்படும் இனிப்புப் படிகம். வேதியியலில் இதன் பெயர் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்த மூலக்கூறு இது. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் கொண்டது. நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இதில் எட்டு இருக்கின்றன. அதனால்தான் அறை வெப்பத்தில் 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பே கரையும்போது, சர்க்கரை 200 கிராம் வரை கரைந்துவிடுகிறது. நாக்கு அறிவது இனிப்பை மட்டும். ஆனால் சமையலறையிலும் ஆலையிலும் உடம்பிலும் சர்க்கரை செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த நீர்ப்பிடிப்பிலிருந்தே வருகின்றன.

பெயர்கள்

சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் பருக்கைக்கல் என்றும் பொருள். பிராகிருத வடிவத்தின் வழி தமிழுக்கு வந்தது அக்காரம். அக்காரவடிசிலில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர். சீனத்தோடு தொடர்புபடுத்தி வந்த பெயர் அது. அங்கே சர்க்கரை என்று கேட்டால் பழுப்பு நிறத்துச் சரக்குதான் கிடைக்கும். பழைய தலைமுறை சொன்ன அஸ்கா என்பது ஊர்ப்பெயர். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்து இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊரின் ஆலைச் சர்க்கரை தமிழகச் சந்தைக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

கரும்பும் ஆலையும்

கரும்பை மனிதர் முதலில் பயிராக்கியது நியூகினியில். அதன் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தை இந்தியாவில் தேர்ந்தது, கி.பி. 647 வாக்கில் சீனப் பேரரசர் தாய்சோங் அதைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார் புறநானூற்றில் ஔவையார். பட்டினப்பாலை காட்டும் காட்சி இன்னும் நெருக்கமானது: கரும்பாலைத் தீயின் வெம்மை பட்டு, பக்கத்து நீர்வயலில் பூத்த நெய்தல் வாடிப்போகிறது. சாறு காய்ச்ச எவ்வளவு நெருப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

சர்க்கரைத் தொழில் என்பதே சாற்றிலிருந்து நீரை ஓட்டும் தொழில். மேற்கிந்தியத் தீவுகளிலும் லூசியானாவிலும் ஆப்பிரிக்க அடிமைகள் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு அகப்பையால் மாற்றி மாற்றிக் காய்ச்சினார்கள். வெந்து செத்தவர்களும் உண்டு. 1813இல் எட்வர்டு ஹோவர்டு, காற்றை உறிஞ்சி அழுத்தம் குறைத்த கலத்தில் குறைந்த சூட்டிலேயே சாற்றைக் கொதிக்க வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த, ஆப்பிரிக்க வம்சாவளித் தாயின் மகனான நார்பர்ட் ரில்லியூ, ஒரு கலத்தின் நீராவியைக் கொண்டே அடுத்த கலத்தைக் கொதிக்க வைக்கும் ஏற்பாட்டுக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஆலைகள் அந்த நெறியில்தான் ஓடுகின்றன.

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையில் 342 பேரை இறக்கியது. மொரீஷியஸ், ஃபிஜி, குவாதலூப் தீவுகளில் தமிழ்ப் பெயர்கள் இன்றும் வழங்குவதற்குக் காரணம் கரும்புதான். பாரதியார் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடியது இந்த வரலாற்றைத்தான்.

கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சாறு மிகுந்த தடிக்கரும்பை, ஆற்றங்கரையில் நாணல்போலத் தானே வளரும் காட்டுக்கரும்போடு கலந்தார்கள். 1918இல் வெளியான கோ 205 ரகம் வட இந்திய வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். இன்று உலகில் பயிராகும் கரும்பில் பெரும்பகுதிக்குக் கோயம்புத்தூர் இரத்தம் உண்டு.

பாகும் பதமும்

சர்க்கரையையோ வெல்லத்தையோ நீர்விட்டுக் காய்ச்சினால், நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். ஆகவே பாகின் சூட்டைச் சொன்னால் அதில் மிச்சமிருக்கும் நீரின் அளவைச் சொன்னதாகும். வெப்பமானி இல்லாத நம் அடுப்படி இதை விரலாலும் காதாலும் அளந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டு இழுத்தால் வெறுமனே பிசுபிசுத்தால் குலாப் ஜாமூனுக்குப் போதும். அறுபடாமல் ஒரு நூல் வந்தால் கம்பிப் பதம், மைசூர்பாகுக்குக் கடலைமாவைக் கொட்டும் நேரம். சூடு 105 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அதிரசத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலுக்குள் மெத்தென்று உருள வேண்டும். ஏறக்குறைய 115 டிகிரி, ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நீர். இந்தப் பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் பல்லை உடைக்கும். கடலை மிட்டாய்க்கு உருண்டை இறுகி, தட்டில் போட்டால் டங்கென்று ஓசை வர வேண்டும். அப்போது நீர் அநேகமாக முழுவதும் போய்விட்டது என்று பொருள். வைத்த பாகு பூத்துப்போகாமலிருக்க எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுவதும் கைகண்ட முறை. புளிப்பு சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். வேறு வேறு மூலக்கூறுகள் நடுவில் புகுந்தால் படிகம் அடுக்க முடியாது.

பண்டம் கெடாமல் காப்பதும் சர்க்கரையின் இதே நீர்ப்பிடிப்புதான். செறிந்த பாகில் விழும் நுண்ணுயிரி தன் உடல் நீரையே பாகுக்குப் பறிகொடுக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் உண்டு. நீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. அது நாள்பட இருப்பதன் இரகசியம் அதுவே. ஜாம் புட்டியில் ஈரக் கரண்டி விட்டால் விட்ட இடத்தில் மட்டும் பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான்.

உடம்பில்

சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி ஆற்றல் உண்டு. நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழேயே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராம், 25 கிராம் என்று கணக்கு. வாயிலே தங்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன.

உயிர் காத்த கதையும் உண்டு. குடலில் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. அவற்றின் பின்னே நீரும் போகிறது. காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. இந்தக் கலவையின் பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரையை அள்ளிப் போட்டால் கரைசல் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும், அளவு முக்கியம்.

இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் அதை முழுதும் மீட்க முடியாமல் வெளியே விடுகிறது. போகும் சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம். தமிழில் இந்நோய்க்கு நீரிழிவு என்று பெயர் வைத்தவர்கள் நோயின் போக்கைக் கண்ணால் கண்டவர்கள். 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று சொல்லி விற்பது தவறு. அவற்றில் மணமும் சிறிது தாது உப்பும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்.

குடலில் சர்க்கரையை இழுக்கும் புரதத்துக்குச் சிறுநீரகத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு. வடிகட்டப்பட்ட நீரிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் திரும்ப மீட்கப்படுவதில் பெரும்பங்கு அதனுடையது. ஆப்பிள் மரப்பட்டையில் கிடைத்த ஃபுளோரிசின் என்ற பொருள் அதன் வேலையைத் தடுப்பது தெரியவந்து, அந்த வழியில் பிறந்தவை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். மிகுதிச் சர்க்கரையை அவை சிறுநீரிலேயே வெளியேற்றிவிடுகின்றன. கூடவே நீரும் போவதால், வாந்தியோ பேதியோ வந்த நாட்களில் அவற்றை நிறுத்தி வைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.