முன்னறையில் ஒரு வழக்கறிஞர்
கொச்சி மட்டாஞ்சேரியிலே, அரண்மனைக் கோயிலின் அண்டையில் நிற்கிறது பரதேசி யூதத் தொழுகைக் கூடம். 1568-இல் எழுந்தது. 1662-இல் போர்த்துகீசியர் சிதைத்தனர். டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் நிமிர்ந்தது. தரையெங்கும் சீனத்து ஓடுகள்; வெண்மையிலே நீலம் கொண்டு கையால் தீட்டியவை! மேலே சரவிளக்குகள், வெளியே 18-ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டு.

எழில்தான், யார் மறுப்பர்? ஆனால் கூடத்துக்கு முன்னே ஓர் அறை இருக்கிறதே, அதைப் பாருங்கள். வேதம் ஒன்று, கடவுளும் ஒன்று. எனினும், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கு அந்த முன்னறைத் தரைதான் இடம்! உள்ளே இருக்கைகள் ‘வெள்ளை யூத’ருக்கு. (சாதி நோய்க்கு மதம் ஏது?)

ஒதுக்கப்பட்ட அம்மரபிலே 1882-இல் பிறந்தார் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் கற்றார். கொச்சிச் சட்டசபையில் அமர்ந்தார். தொழுகைக் கூடத்திலோ அவருக்கும் தரைதான்! பொறுப்பாரா? அங்கேயே அறப்போர் தொடுத்தார். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. அதற்கு ஆண்டுகள் பல பிடித்தன.