விளம்பரத்துக்கு இடம் தேடுதல்: அச்சுக் கையேட்டிலிருந்து இணைய ஏலம் வரை

விளம்பர வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாசகத்தையும் படத்தையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்த விளம்பரம் எந்தத் தாளில் வந்தது, அந்தத் தாளை யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஓரத்தில் நின்றுவிடுகிறது. பணம் கட்டுகிறவருக்கோ அதுதான் முதல் கேள்வி. தகுந்த இடத்தைத் தேடும் இந்த வேலை அச்சுக் காலத்தில் தொடங்கி இணையத்துக்குள் எப்படி வந்தது என்பதை இங்கே பின்தொடர்கிறேன். என் வாதம் இதுதான்: முதலில் இடத்தை அறிந்துகொள்ளப் பாடுபட்ட இந்தத் தொழில், இணையம் வந்ததும் இடத்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்தப் போனது, இப்போது மறுபடியும் இடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது.

1846இல் லண்டன் விளம்பர முகவர் சார்ல்ஸ் மிட்செல் செய்தித்தாள்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். தாளின் பெயர், விலை, வெளியாகும் நாள் ஆகியவற்றோடு அவர் நிற்கவில்லை. அது எந்த அரசியல் பக்கம் சாய்கிறது, எந்த வட்டாரத்தில் விற்பனையாகிறது, உழவர் நலனைப் பேசுகிறதா, வணிகர் நலனைப் பேசுகிறதா என்றெல்லாம் குறித்தார். விதை விற்கிறவருக்கும் கப்பல் பயணம் விற்கிறவருக்கும் அந்த நாலு வரி போதும், எந்தத் தாளுக்குப் போகலாம் என்று முடிவெடுக்க. இன்று ‘இலக்கு வாசகர்’ என்று சொல்வதன் விதை அந்தக் குறிப்புகளில் இருக்கிறது.

விற்பனை எண்ணிக்கைக்கும் அன்று ஒரு வழி இருந்தது. பிரிட்டனில் ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி கட்ட வேண்டும். எந்தத் தாள் எத்தனை முத்திரை வாங்கியது என்ற அரசுக் கணக்கு வெளியாகும். 1855இல் அந்த வரி நீங்கியது. தாள்கள் மலிந்தன, நம்பத்தக்க எண்ணிக்கை மறைந்தது.

அமெரிக்காவில் அந்த எண்ணிக்கையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஜார்ஜ் ரோவெல். 1865இல் பாஸ்டனில் முகவர் தொழில் தொடங்கிய அவர், மாதம் 100 டாலருக்கு 100 செய்தித்தாள்களில் ஓர் அங்குல இடம் என்று மொத்தமாக விற்றார். 1869இல் அவர் வெளியிட்ட கையேட்டில் 5,000க்கும் மேற்பட்ட தாள்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிரதி விற்கும் என்று அவரே மதிப்பிட்டார். பதிப்பாளர்கள் கொதித்தார்கள். தங்கள் எண்ணிக்கை வியாபார ரகசியம் என்பது அவர்கள் நினைப்பு. உண்மையைவிடப் பெரிதாகச் சொன்னவர்களும் பலர். இதில் நான் முழுக்க ரோவெல் பக்கம். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாமல் இடம் வாங்குவது, எடைக்கல் இல்லாத கடையில் அரிசி வாங்குவது போல. விளம்பரதாரர், முகவர், பதிப்பாளர் மூவரும் கூடிப் பிரதிகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு அமெரிக்காவில் 1914இல்தான் உருவானது. இந்தியாவில் ‘ஏபிசி’ என்று நாம் சொல்லும் அமைப்பு 1948இல் வந்தது.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பதாகை தோன்றியது. 468 பிக்சல் அகலம், 60 பிக்சல் உயரம். திரையின் தலைப்பில் ஒரு பட்டை. இணைய விளம்பர வரலாறு வழக்கமாக இங்கேதான் தொடங்கும். அன்று தளம் தேடுவது கடினமான வேலையே அல்ல. விளம்பரம் வாங்கும் தளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாஹூ பட்டியலில் மனிதர்களே தளங்களைப் பொருள்வாரியாக அடுக்கிவைத்திருந்தார்கள். மிட்செல் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் தன் கையேடு என்றே நினைத்திருப்பார்.

திருப்பம் அதே ஆண்டில் வேறொரு வாசல் வழியாக வந்தது. நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி உருவாக்கிய ‘குக்கீ’, ஒரு தளம் தனக்கு வந்தவரை அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்ள உதவும் சிறு குறிப்பு. கடைத்தளத்தில் கூடையில் போட்ட பொருள் மறந்துபோகாமல் இருக்க அது வேண்டியிருந்தது. 1996இல் தொடங்கிய டபுள்கிளிக் நிறுவனம் பல தளங்களின் விளம்பர இடத்தை ஒன்றாகத் திரட்டி விற்றபோது, அதே குக்கீ வேறு வேலைக்குப் பயன்பட்டது: ஒரே ஆள் தளம் தளமாகப் போவதைத் தொடர்ந்து கவனிக்க. அந்தக் கணம் முதல் இடத்தின் மதிப்பு சரியத் தொடங்கியது. கார் வாங்க நினைப்பவரைக் கார் இதழின் தளத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. அவர் அடுத்துத் திறக்கும் வானிலைப் பக்கத்தில் மலிவாகப் பிடிக்கலாம். பாடுபட்டு எழுதி வாசகரைச் சேர்த்த தளத்துக்கு இது பேரிழப்பு. இதைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று மட்டும் எழுதுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

2003இல் கூகுள் ஆட்சென்ஸ் வந்தது. பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து அதற்கேற்ற விளம்பரம் போடும் ஏற்பாடு. ஆளை விட்டுப் பக்கத்துக்கு வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அது சொல்லைப் படித்தது, பொருளைப் படிக்கவில்லை. கொலையுண்டவரின் உடல் பெட்டியில் அடைக்கப்பட்ட செய்திக்குப் பக்கத்தில் பயணப்பெட்டி விளம்பரம் வந்து நின்றது. 2005இல் விளம்பரதாரரே தளத்தைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்கும் வசதியைக் கூகுள் கொடுத்தது. 2008இல் வந்த ‘ஆட் பிளானர்’ கருவி இன்னும் ஒரு படி மேலே போனது: நமக்கு வேண்டிய வாசகர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால், அவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று பட்டியல் தந்தது. தளம் தேடுகிறவர் கையில் கிடைத்த கருவிகளில் இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கூடவே அலெக்சா தரவரிசை இருந்தது. 1996இல் தொடங்கி 1999இல் அமேசான் கைக்குப் போய், 2022 மே மாதம் மூடப்பட்டது. தன் கருவிப்பட்டையை உலாவியில் பொருத்திக்கொண்டவர்களின் நடமாட்டத்தை வைத்தே நெடுங்காலம் அது உலகத் தளங்களுக்கெல்லாம் எண் போட்டது. ரோவெல் 1869இல் பட்ட பாடு அப்படியே மறுபடி அரங்கேறியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஏலச்சந்தைகள் பெருத்தன. பக்கம் திறந்து முடிப்பதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அந்த ஒரு காட்சிக்கு ஏலம் நடந்து முடிந்துவிடும். எந்தத் தளத்தில் தோன்றப்போகிறோம் என்பது வாங்குகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. 2017இல் தீவிரவாதக் காணொளிகளுக்கு முன்னால் தங்கள் பெயர் ஓடுவதைக் கண்டு பெரிய நிறுவனங்கள் யூடியூபிலிருந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன.

அதே ஆண்டு ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 4,00,000 தளங்களில் வங்கியின் விளம்பரம் தோன்றிக்கொண்டிருந்தது. அவற்றில் தோன்றியதோடு நில்லாமல் ஒரு சொடுக்காவது கிடைத்த தளங்கள் சுமார் 12,000. பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரை உட்காரவைத்து, அந்தத் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். இது ஒழுங்கான தளம்தானா, நம் வங்கியின் பெயர் இங்கே இருக்கலாமா என்பதுதான் பரிசோதனை. 7,000 தளங்கள் கழிந்தன. மிஞ்சிய 5,000இல் மட்டும் விளம்பரம் போட்டார்கள். பலன் குறையவில்லை. இரண்டு பத்தாண்டுக் கணினி நுட்பத்துக்குப் பிறகு, ஒரு மனிதர் பக்கத்தைத் திறந்து தம் கண்ணால் பார்த்ததுதான் வேலையை முடித்தது.

போலித் தளங்கள் புகழ்பெற்ற இதழ்களின் பெயரில் இடம் விற்பதைத் தடுக்க, ‘என் இடத்தை விற்க இன்னாருக்குத்தான் அனுமதி’ என்று தளமே அறிவிக்கும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பும் 2017இல் வந்தது. ஆனாலும் அமெரிக்க தேசிய விளம்பரதாரர் சங்கம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக ஒரு விளம்பர முயற்சி 44,000 தளங்களில் சிதறியது. காட்சிகளில் 21 விழுக்காடு விளம்பரம் காட்டுவதற்காகவே கட்டிய வெற்றுத் தளங்களுக்குப் போனது.

தமிழ்த் தளங்கள் இந்தச் சந்தைக்குள் முறைப்படி வந்தது தாமதமாகத்தான். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில். அதுவரை நல்ல வாசகர் கூட்டம் இருந்தும் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் அந்த வருவாய்க்கு வெளியே நின்றன.

கும்பகோணத்தில் பித்தளை விளக்கு விற்கும் ஒருவரின் விளம்பர அறிக்கையைச் சென்ற ஆண்டு அவரோடு உட்கார்ந்து படித்தேன். விளம்பரம் தோன்றிய இடங்களில் பாதிக்குமேல் குழந்தைகள் விளையாடும் செயலிகள். ஒன்று கைப்பேசியை டார்ச் லைட்டாக்கும் செயலி. ‘என் குத்துவிளக்கை டார்ச்சுக்குள்ள கொண்டுபோய் வச்சிருக்காங்களே சார்’ என்றார். அந்த வாரமே கணக்குப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, கோயில் விழாக்களையும் திருமணச் சீர்வரிசையையும் பற்றி எழுதும் தமிழ்த் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிய பட்டியல் அது: தளத்தின் பெயர், எந்த ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள், கேட்கும் தொகை. இருபத்து மூன்று தளங்கள். ஒன்பதின் நேரே சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார்.