சந்தைக்கு வராத மருந்து

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் வென்றவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆய்வகத்தோடு நின்றுவிட்டவற்றை யாரும் நினைவு கூர்வதில்லை. 19-நார்புரோஜெஸ்டிரோன் அப்படி நின்றுபோன ஒரு செயற்கை ஹார்மோன். ஆயினும் அதை விலக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையின் கதையைச் சொல்ல இயலாது.

கருவைத் தாங்குவதற்குக் கருப்பையை ஆயத்தப்படுத்துவது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். அதன் அமைப்பில் சிறிது கை வைத்தாலும் ஆற்றல் போய்விடும் என்பது 1940களின் தொடக்கத்தில் வேதியியலாளர்களிடையே நிலவிய நம்பிக்கை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாக்ஸிமிலியன் ஏரன்ஸ்டைன் 1944இல் அந்த நம்பிக்கையை அசைத்தார். ஆப்பிரிக்க வேட்டுவர் அம்பில் தடவும் நஞ்சைத் தரும் ஸ்ட்ரோஃபாந்தஸ் செடியின் பொருளொன்றிலிருந்து தொடங்கி, பல படிகளைக் கடந்து, 19ஆம் எண் கார்பன் அணு நீங்கிய புரோஜெஸ்டிரோனை அடைந்தார். கிடைத்ததோ மிகச் சிறிதளவு. அதுவும் தூய்மையற்ற எண்ணெய். வில்லர்ட் ஆலன் அதை முயல்களில் சோதித்தபோது, அணு போயும் ஆற்றல் போகவில்லை என்று தெரிந்தது.

அந்தத் துப்பைப் பற்றிக்கொண்டவர்கள் மெக்ஸிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனத்தில் இருந்த கார்ல் ஜெராஸி குழுவினர். காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஸ்டீராய்டுகளைத் தயாரித்துவந்த நிறுவனம் அது. 1951இல் அவர்கள் அதே பொருளைத் தூய படிகமாகவே செய்தனர். ஊசிவழி செலுத்தியபோது அது இயற்கை ஹார்மோனைவிடப் பல மடங்கு வீரியமாக இருந்தது. ஆனால் வாய்வழி உட்கொள்ள அது உதவவில்லை. மருந்தாக அது சந்தைக்கு வரவே இல்லை.

ஆனால் அது கற்பித்த பாடம் வீணாகவில்லை. 1938இல் ஜெர்மனியில் உருவான எதிஸ்டிரோன், வாய்வழி உட்கொண்டாலும் வேலை செய்தது; வீரியம்தான் போதவில்லை. அதிலிருந்தும் 19ஆம் கார்பனை நீக்கினால் என்ன? 1951 அக்டோபர் 15 அன்று, மாணவராக இருந்த லூயிஸ் மிராமொன்டஸ் அக்குழுவில் அதைச் செய்து முடித்தார். அதுவே நொரெதிஸ்டிரோன்; பின்னாளில் கருத்தடை மாத்திரைகளில் இடம்பெற்ற மருந்து.

ஜெராஸி பிற்காலத்தில் நாவல்களும் நாடகங்களும் எழுதியவர். மாத்திரையின் பிறப்பைப் பற்றி எழுதியபோது ஏரன்ஸ்டைனின் பங்கை அவர் மறைக்கவில்லை. பொதுநினைவுதான் அவரை மறந்தது.

2018இல் அமெரிக்காவில் ஓராண்டுக்குப் பயன்படும் கருத்தடை வளையம் ஒன்று அனுமதி பெற்றது. அதிலுள்ள செஜெஸ்டிரோன் அசிடேட், 19-நார்புரோஜெஸ்டிரோனின் வழித்தோன்றல். எழுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் முயல்களுக்குத் தரப்பட்ட அந்தச் சிறிதளவு எண்ணெயின் வம்சம் அது.