வெறும் நாற்காலிகள்

2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸார் பார்த்திருக்க, 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். எவருக்கும் அடிபணியாத பொலிஸ் ஆணைக்குழுவின் தேவையை ஊவா மக்களாகிய நாம் அன்றே உணர்ந்தோம்.

2001 இல் நிறைவேறிய 17ஆவது திருத்தம் அதற்கு வழி வகுத்தது. ஆணைக்குழு உறுப்பினரை விதந்துரைக்கும் பொறுப்பு அரசியலமைப்புப் பேரவைக்கு அளிக்கப்பட்டது. 2005 மார்ச்சில் அப்பேரவையின் காலம் முடிந்தது. பத்தாம் உறுப்பினர் யாரென்பதில் சிறு கட்சிகள் உடன்படவில்லை. அதையே சாக்காக்கிப் புதிய பேரவை அமைக்கப்படவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் பொலிஸ், பொதுச்சேவை ஆணைக்குழுக்களும் வெறுமையாயின. 2006 ஏப்ரலில் ஜனாதிபதி தாமே அவற்றை நிரப்பினார். 2010 இல் பேரவையே ஒழிக்கப்பட்டது.

கட்சிகளின் பிணக்கு ஆட்சியாளருக்கே ஆதாயமாயிற்று. இழந்தவர் யார்? முறைப்பாட்டைச் சுமந்து லயத்திலிருந்து இறங்கிவரும் எளியவரே.