மரக்காணத்துக் கரையும் பூமியின் வடிவமும்
சங்ககாலத்து எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதும் மரக்காணத்தில், உப்பளப் பாத்திகளும் அவற்றுக்கப்பால் கழுவேலியின் சதுப்பும் கிழக்கே சமுத்திரமும் ஒரே மட்டமாய் விரிந்து கிடந்தாலும், ஆழ்கடலை நோக்கிச் செல்லும் மரக்கலத்தின் உடல் முந்தியும் பாய் பிந்தியும் மறைவதைக் கரையிலிருந்து கண்டவன், அது மெய்யான மட்டமன்று என்று ஐயுற்றிருப்பான். ஆரியபட்டர் முதலான நம் ஜோதிட சாஸ்திரிகளும் பூமியைக் கோளமாகவே கொண்டு கணித்தார்கள். ஆனால் அது பூரண கோளமா, ஏறத்தாழக் கோளமா என்னும் நுட்பமான வினாவுக்கு விடை தேடிய முயற்சிகளில் ஒன்று இந்தக் கரைப் பிரதேசத்திலேயே நடந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

தன்னைத்தானே சுற்றும் பூமி நடுவில் பருத்துத் துருவங்களில் தட்டையாகியிருக்க வேண்டும் என்று 1687இல் நியூட்டன் கூற, பாரிஸ் வானநூலார் சிலர் அது துருவங்களை நோக்கி நீண்டது என்று மறுத்தனர். வழக்கைத் தீர்க்க, வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளத்தைப் பல அட்சரேகைகளில் அளக்க வேண்டியிருந்தது. ஏனெனில், தட்டையான துருவத்தருகே வளைவு மந்தமாதலால், துருவ நட்சத்திரம் ஒரு பாகை உயர்வதற்கு அங்கே அதிக தூரம் செல்ல வேண்டும், நடுப்பகுதியிலோ குறைந்த தூரமே போதும். 1735இல் பெருவுக்கும் 1736இல் லாப்லாந்துக்கும் சென்ற பிரெஞ்சுக் குழுக்களின் அளவைகள் நியூட்டனையே மெய்ப்பித்தன. எனினும் தட்டைமை எவ்வளவு என்பதைத் திட்டமாய் நிர்ணயிக்க இன்னும் பல அளவைகள் வேண்டியிருந்தன.

1802 ஏப்ரலில், சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகச் சென்று ஏற்கப்படாமல் வந்த 100 அடிச் சங்கிலியைக் கொண்டு, நில அளவையாளர் வில்லியம் லாம்டன், அத்தகைய அளவை ஒன்றுக்காகப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களைப் பின்னிக்கொண்டே கடலூரை அடுத்த திருவந்திபுரம் வரை சென்றார். தேவநாதப் பெருமாளின் திருவடியால் அறியப்பட்ட அவ்வூர், இவ்வாறு வடக்குத் தெற்காக அளந்த வளைகோட்டின், அதாவது வில்லின், தெற்கு முனையாகப் பூகோள சாஸ்திரத்திலும் இடம்பெற்றது. சென்னைக்கு வடக்கே முடிந்த அந்த வில்லின் நீளம் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். மரக்காணத்தின் அட்சரேகை அதனுள் அடங்கும். ஒரு பாகைக்கு இங்கே கிடைத்த தூரம் சுமார் 110½ கிலோமீட்டர். துருவத்தருகே அதுவே 111½ கிலோமீட்டரைத் தாண்டும். வெயிலில் சங்கிலி நீட்டியும் குன்றுகளில் கொடி பிடித்தும் உழைத்த நம்மவர் பெயர்கள் ஏடேறாமற் போனது பெருங்குறை.

1841இல் ஜெர்மானிய கணித மேதை பெஸல், பூமியின் மெய்வடிவத்தைக் கணிக்கத் தேர்ந்த பத்து வில்களுள் லாம்டனின் இந்த வில்லும் ஒன்று. அவர் கண்ட தட்டைமை, ஏறத்தாழ 299இல் ஒரு பங்கு.