முச்சக்கர வண்டியும் அதன் வில்லும்



பலாங்கொடைப் பட்டணத்திலிருந்து பெட்டியாகலை, ராசகலை முதலிய தோட்டங்களை நோக்கி ஏறும் பாதைகளில் இன்று மக்களை ஏற்றிச் செல்வது பெரும்பாலும் முச்சக்கர வண்டியே. பாடசாலைப் பிள்ளைகள், சம்பள நாளில் கடைத்தெருவுக்குப் போய் மீளும் பெண்கள், ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளர், பிரசவ வேதனையில் துடிக்கும் தாய்மார் ஆகிய எல்லோரும் அதன் பின்னிருக்கையில்தான் அமர்கின்றனர். அவ்விருக்கையில் கற்பாதை வழியே ஒரு கட்டை தூரம் போனவருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முதுகெலும்பு ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே எண்ணிக்கொண்டு போகும். முன்னால் அமர்ந்து ஓட்டுபவருக்கோ அவ்வளவு வருத்தம் இல்லை. பின்புறம் மட்டும் ஏன் இத்தனை கடினமாய் இருக்கிறது? இதற்கு விடை பாதி வண்டிக்குள்ளும் பாதி வரலாற்றிலும் கிடக்கிறது.

நம் முன்னோர் மாட்டு வண்டிகளைப் பெயரிட்டு அழைத்த முறையே இவ்வரலாற்றுக்கு நல்ல தொடக்கம். பாரம் ஏற்றுவது கட்டை வண்டி. பண்ணையார் வீட்டார் ஏறிச் செல்வது வில் வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பதால் அதற்கு அப்பெயர். வளைந்த பட்டைகள் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து நீள்வட்டமாக அமைக்கும் முறைக்கு ஒபதையா எலியட் என்பவர் 1804இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அது நம் நாட்டுப்புறத்துக்கு வந்து சேர்ந்தபோது, வில் இருப்பதும் இல்லாததுமே ஏறியிருப்பவரின் அந்தஸ்தைச் சொல்லும் அடையாளமாகிவிட்டது.

மலைநாட்டுத் தோட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக இருந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக நடந்தனர்; அவர்களுக்குக் கட்டை வண்டிகூடக் கிடைத்ததில்லை. சப்பிரகமுவையில் களனிப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓபநாயக்காவையும் அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. பலாங்கொடைக்கு இரயில் வரவேயில்லை. ஆகவே பலாங்கொடைத் தோட்டங்களின் விளைபொருள் முழுவதும் தெருவழியே இறங்க வேண்டியதாயிற்று. பின்னர் அவ்வேலையை லொறி ஏற்றுக்கொண்டது. லொறியின் பின்வில் தேயிலைப் பெட்டிக்கும் உரமூட்டைக்கும் கணக்கிட்டுச் செய்தது. அதன்மேல் மனிதர் ஏறினால் அவர்களும் மூட்டையின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்கள்.

இனி மூன்று சக்கரத்துக்கு வருவோம். மூன்று சக்கர வண்டியின் பின்புறக் குலுக்கலைத் தணிக்க ஒருவர் செய்த முயற்சி உலகத்தின் போக்கையே மாற்றியது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஜோன் பொய்ட் டன்லப் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஸ்கொத்லாந்துக்காரர். அவருடைய சிறு மகன் ஒரு முச்சக்கர மிதிவண்டி வைத்திருந்தான். கல் பதித்த வீதிகளில் அது பிள்ளையைப் படுத்திய பாடு தந்தைக்குப் பொறுக்கவில்லை. 1888இல் அவர் மெல்லிய இறப்பர்க் குழாயில் காற்றை அடைத்து, அதைத் துணியால் சுற்றி, அவ்வண்டியின் பின்சக்கரங்களில் பொருத்தினார். அவருக்கு முன்பே ரொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் 1845இல் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்து டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. ஆயினும் தொம்சனின் காலத்தில் மிதிவண்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை; தேவை பிறவாத காலத்தில் வந்த கருவியை உலகம் மறந்துவிட்டது. டன்லப்பின் காலத்தில் இரண்டும் வாசலில் நின்றன.

அந்தச் சிறுவனின் வண்டிக்கும் சப்பிரகமுவைக்கும் உறவு உண்டு. பிரேசில் நாட்டு இறப்பர் விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முதலில் அவற்றைத் தோட்டக்காரர் பெரிதாக மதிக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டியிருந்தபோதுதான் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த சரிவுகள் இறப்பர்க் காடாயின. பால்வெட்டும் தொழிலாளியின் கையிலிருந்து புறப்பட்ட பொருள் உலகத்தின் குலுக்கலைத் தணித்தது. அவன் வீட்டுக்குப் போகும் பாதைக்கு அதன் பயன் வந்து சேர நெடுங்காலம் சென்றது.

இயந்திரம் பூட்டிய இன்றைய முச்சக்கர வண்டி இத்தாலியில் பிறந்தது. போருக்குப் பின் வறுமையுற்றிருந்த அந்நாட்டில் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பா என்னும் ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானத் துறையிலிருந்து வந்த பொறியியலாளர். அவ்வண்டியின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் பூட்டி, 1948இல் அப்பே என்ற வண்டியைச் செய்தார்கள். வெஸ்பா என்றால் குளவி. அப்பே என்றால் தேனீ. தேனீ சுமைக்கென்றே பிறந்தது. காய்கறியும் செங்கல்லும் ஏற்றுவதற்காகச் செய்தார்கள். பயணிகளுக்கான இருக்கை பின்னர் வந்து சேர்ந்தது. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1959இல் இரு சக்கர, முச்சக்கர வண்டிகள் செய்யும் உரிமத்தை அரசிடமிருந்து பெற்றது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தபோது அவ்வகை வண்டிகள் இலங்கைக்குள் பெருகி, இன்று பதிவு செய்யப்பட்டவை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆகவே நாம் அமரும் பின்னிருக்கையின் கீழே இருப்பது, வமிசத்தால், சுமை வண்டியின் வில்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது அவசியம். வில் ஒன்று தன்மேல் ஏறிய பாரத்தால் எவ்வளவு அமிழ்கிறதோ, அதைப் பொறுத்தே அது எத்தனை விரைவாக ஆடும் என்பது அமைகிறது. 10 சென்றிமீற்றர் அமிழும் வில் நிமிடத்துக்குச் சுமார் 95 முறை ஆடும். மனிதன் நடக்கும்போது அவன் உடல் ஏறி இறங்கும் தாளம் ஏறக்குறைய இதுவே. ஆகையால் இந்த ஆட்டம் நமக்குத் தொந்தரவாய்த் தோன்றுவதில்லை. அதே வண்டியில் பயணிகள் இறங்கிப் பாரம் பாதியானால் வில் 5 சென்றிமீற்றரே அமிழும். ஆட்டம் சுமார் 135 ஆகும். வில்லை இன்னும் கடினமாக்கி, அமிழ்வது 1 சென்றிமீற்றர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் 300ஐத் தொடும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூடுதலாக உணர்வது நிமிடத்துக்கு 240 முதல் 480 வரையான ஆட்டங்களில் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வில்லைக் கடினமாக்குகிறவர் பயணியை அந்த எல்லைக்குள் தள்ளிவிடுகிறார்.

ஆயினும் கராஜ்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான். மூவருக்கு அமைந்த இருக்கையில் ஐவரும் ஓர் அரிசி மூட்டையும் ஏறினால் வண்டி பின்னால் குந்திவிடுகிறது. உடனே தடித்த வில் ஒன்றைப் போடுகிறார்கள், அல்லது வில்லின் கீழே கட்டை கொடுக்கிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. பார்வைக்கு நன்றாய் இருக்கிறது. மறுநாள் ஒரேயொரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அவ்வில் அசைவதேயில்லை. நிறைபாரத்துக்கும் வெறும் வண்டிக்கும் உள்ள இடைவெளி சிறிய வண்டிகளுக்கே உரிய இடர். பேருந்து ஒன்றில் மூவர் இறங்கினால் வில்லுக்குத் தெரியாது. முச்சக்கர வண்டியில் மூவர் இறங்கினால் வண்டியே வேறு வண்டியாகிவிடுகிறது.

இவ்விடரை அழகாகத் தீர்த்தவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்டன். அவருடைய மூதாதையர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இறப்பர்த் தொழிலில் இருந்தவர்கள். 1959இல் வெளிவந்த மினி என்ற சிறிய காருக்கு அவர் எஃகை நீக்கிவிட்டு இறப்பர்க் கூம்புகளை வில்லாக அமைத்தார். இறப்பர் அமுங்க அமுங்கக் கடினமாகும் இயல்புடையது. ஒருவர் ஏறினால் மெதுவாகவும் நால்வர் ஏறினால் உறுதியாகவும் அதுவே தன்னை மாற்றிக்கொள்ளும். அப்பே வண்டிகளின் பின்புறத்திலும் இறப்பர் வில்லைக் காணலாம். ஆனால் வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்து முதுமையடைந்த இறப்பர் இறுகிப் போகும். அதைக் கையால் அழுத்திப் பார்த்து மாற்றாமல், வண்டியின் சாதியையே குறை சொல்வது நியாயமன்று.

வில்லை மட்டும் பேசி அதிர்வுத் தணிப்பானை விட்டுவிட முடியாது. சொக்கப்சோபர் என்று எல்லோரும் அறிந்த பொருள்தான். வில் விழுந்த அடியைச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும். தணிப்பான் அதைச் சூடாக மாற்றி ஒழித்துவிடும். எண்ணெய் ஒழுகிப்போன தணிப்பானோடு ஓடும் வண்டி ஒரு குழியில் விழுந்து மூன்று முறை எழும்பும். அப்போது பலர் வில் இளகிவிட்டது என்று எண்ணிக் கடினமான வில்லை வாங்குகின்றனர். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

பலாங்கொடைப் பாதைகளுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. லொறியும் உழவு இயந்திரமும் ஓடிய தோட்டப் பாதையில் இரண்டு தடங்கள் பள்ளமாகி, நடுவே கல்லும் புல்லும் மேடாகி நிற்கும். நான்கு சக்கர வண்டி தடத்தில் போய்விடும். முச்சக்கர வண்டியின் முன்சக்கரமோ நடுமேட்டில் ஏறியாக வேண்டும். சக்கரமும் சிறியது, 8 அங்குல வளையம். பெரிய சக்கரம் தாண்டிச் செல்லும் குழியில் இது இறங்கிவிடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 2 மீற்றர்தான். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் விழுந்த அடி கால் விநாடிக்குள் பின்னாலும் விழுகிறது. மேல்நோக்கிய முதல் அசைவு அடங்குமுன் இரண்டாவது வந்துவிடுவதால் வண்டி தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடுகிறது. வேகத்தை 15க்குக் குறைத்தால் அந்த இடைவெளி இரட்டிப்பாகும். காசு செலவில்லாத முதல் திருத்தம் அது.

இரண்டாவது, காற்று. டன்லப் கண்டுபிடித்த வில் இன்றும் டயருக்குள் இருக்கிறது. பலர் அதைக் கல்லாக இறுக்கி ஓட்டுகின்றனர். தயாரித்தவர் குறித்த அளவுக்கு மேல் ஓர் இறாத்தலும் வேண்டாம். மூன்றாவது, தணிப்பானையும் சுழல்கைகளின் இறப்பர்ப் புஷ்களையும் பார்ப்பது. இவை மூன்றும் ஒழுங்கான பின்னரே வில்லைத் தொட வேண்டும்.

ஓட்டுநர்கள் இதை ஏன் எளிதில் உணர்வதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அவர்களுடைய இருக்கை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் அமைந்தது. அங்கே எந்த அடியும் பாதியாகவே வந்து சேரும். பயணியின் இருக்கையோ பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டியைத் திருத்திய அன்று சாவியை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் தாமே பின்னால் ஏறி, பட்டணத்திலிருந்து தோட்டத்து லயம் வரை ஒருமுறை தனியாக அமர்ந்து போய்ப் பார்க்கலாம்.