பழைய மின்னணு இசையும் தனியார் சேகரிப்புகளும்

தந்தி, காற்று, தோல் ஆகியவற்றின் அதிர்வால் அன்றி, மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கி அமைக்கப்படும் இசை மின்னணு இசை எனப்படும். இவ்வொலியைத் தரும் முதன்மைக் கருவி சிந்தசைசர். 1980-களின் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் கேட்ட சிந்தசைசர் ஒலியை, 2000-களின் நடுப்பகுதியில் பிரான்சு முதலிய நாடுகளின் இளைஞர்கள் மீண்டும் உருவாக்கினர். அந்த இசைவகைக்குச் சிந்த்வேவ் என்று பெயர். 2011-இல் வெளிவந்த 'டிரைவ்' என்னும் ஆங்கிலப் படம் இதனை உலகெங்கும் அறியச் செய்தது. பழைய ஒலியின்மீது கொண்ட ஏக்கத்தில் பிறந்த இசை என்பதால், இதன் அன்பர்கள் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடிச் சேர்ப்பவர்களாகவும் இருக்கின்றனர். இந்திய மின்னணு இசை வரலாற்றின் ஒரு பகுதி இத்தகைய சேகரிப்பாளர் ஒருவரால்தான் வெளியே தெரிந்தது.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு

சரண்ஜித் சிங் மும்பை இந்தித் திரையுலகில் இசைக்குழுக் கலைஞராகப் பணியாற்றியவர். சங்கர்–ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களிடம் கிதாரும் விசைப்பலகையும் வாசித்தார். 'குர்பானி' (1980) படத்திற்குப்பின் நாடெங்கும் டிஸ்கோ மோகம் பரவியிருந்த காலத்தில், ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட மூன்று கருவிகளைக்கொண்டு அவர் ஒரு தனி இசைத்தட்டை உருவாக்கினார். ஜூப்பிட்டர்-8 விசைப்பலகை, டிஆர்-808 தாளக்கருவி, டிபி-303 அடிச்சுரக்கருவி ஆகியவையே அம்மூன்றும். 1982-இல் பதிவான அத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பெயருக்கேற்ப அதில் பத்து இந்துஸ்தானி ராகங்கள் இடம்பெற்றன. தமிழிசை பயின்றோர்க்கு இவற்றுள் பல புதியவை அல்ல. யமன் நம் கல்யாணிக்கும், பூபாளி மோகனத்துக்கும், மால்கௌன்ஸ் இந்தோளத்துக்கும் நிகரானவை. அண்ணாமலை நகர் இசைக்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டால் சில நொடிகளிலேயே ராகத்தைச் சொல்லிவிடுவார். பின்னால் ஒலிக்கும் தாளந்தான் அவரைத் திகைக்க வைக்கும்.

டிபி-303 கருவி, உடன் வாசிக்க ஆளில்லாத கிதார் கலைஞருக்குத் துணையாக அமைக்கப்பட்டது. அந்த நோக்கத்தில் அது தோல்வியடைந்து, 1984-இல் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. கமகத்தை முழுமையாகத் தராவிட்டாலும், சுரங்களைத் துண்டுதுண்டாக ஒலிக்காமல் இணைத்துக் காட்ட இவ்வசதி சிங்குக்கு உதவியது. பின்னர் சிகாகோ நகர இளைஞர்கள் அதே கருவியைப் பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாக வாங்கினர். அவர்கள் 1987-இல் தொடங்கிவைத்த நடன இசையே 'ஆசிட் ஹவுஸ்'.

சிங்கின் இசைத்தட்டு விற்பனையாகவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2002-இல், எடோ பௌமன் என்னும் டச்சு நாட்டுச் சேகரிப்பாளர் தில்லியில் அதன் படி ஒன்றைக் கண்டெடுத்தார். மும்பையில் சிங்கைத் தேடிச் சென்று சந்தித்து, 2010-இல் தம் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனத்தின் வழியே மறுபதிப்புச் செய்தார். 1982-இலேயே இப்படி ஓர் இசையா என ஐயுற்ற சிலர், இது யாரோ செய்த குறும்பு என்றுகூடக் கருதினர். ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் சிங்கே என்று இதழ்கள் எழுதியது மிகை. சிகாகோ இளைஞர்கள் இத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே கருவி இரு நாடுகளில் ஒத்த ஒலியைத் தந்தது என்பதே பொருத்தம். எனினும் அறியப்படாமலே மறைந்திருக்கக்கூடிய கலைஞர், தம் எழுபதுகளில் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை வாசித்துக் காட்டினார். 2015-இல் காலமானார்.

இதற்கும் முற்பட்டது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமைந்த மின்னணு இசைக்கூடம். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே மூக் சிந்தசைசரை நிறுவ உதவினார். அங்குப் பதிவான நாடாக்கள் நெடுங்காலம் நூலகத்தில் கிடந்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

தமிழகத்தில் ஒலிநாடாக்கள்

தமிழகத்தில் மின்னணு ஒலி திரையிசை வழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தது. 1986-இல் வெளிவந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் இளையராஜா சிந்தசைசரை விரிவாகப் பயன்படுத்தினார். 'புன்னகை மன்னன்' இசைக்குக் கணினிவழிச் சீக்வென்சரும் பயன்பட்டது. அவர் குழுவின் விசைப்பலகைக் கலைஞர் விஜி மேனுவல். பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் எனப் புகழ்பெற்ற திலீப்பும் அக்குழுவில் வாசித்தவரே. இத்தகைய பெயர்கள் ஒலிநாடா உறைகளில் அச்சாவது அரிது. பாடகர், கவிஞர், இசையமைப்பாளரோடு பட்டியல் முடிந்துவிடும்.

அக்காலத்தில் சிதம்பரம், கடலூர் போன்ற ஊர்களில் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மீந்தால், கடைக்காரர் தம் விருப்பப்படி ஏதேனும் ஒரு கருவியிசைத் துணுக்கை நிரப்பிவிடுவதும் உண்டு. பதிப்புரிமை நோக்கில் இது முறையன்று. ஆனாலும், பட்டியலில் இல்லாத அந்தத் துணுக்குகளால் இன்று அந்நாடாக்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

இவற்றுக்கு முதற்பகை கடற்கரை ஈரம். நாடாவின் மேற்பூச்சில் பூஞ்சை படரும். நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு மெத்தைத்துண்டு கழன்று விழும். 90 நிமிட நாடா மெல்லியது, எளிதில் சிக்கும். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், 2015 வெள்ளம் போன்றவற்றின்போது வீட்டினுள் நீர் புகுந்தால், மரப்பெட்டியில் கிடக்கும் ஒலிநாடாவை யார் முதலில் தூக்குவார்?

பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓடவிடக் கூடாது. தூய்மை செய்து, ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றியபிறகே கணினியில் பதிய வேண்டும். பாடல்தான் கணினிக்கு வந்துவிட்டதே என்று, கையால் எழுதிய பட்டியலோடு உறையையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுவோர் பலர். எந்த ஊர்க் கடையில், எந்த ஆண்டில், யாருக்காகப் பதிந்தது என்ற செய்தி அந்த உறையில் மட்டுமே இருக்கும்.